கைகூப்பி நிற்பவர் எந்தச் சாதி?

கொங்கு நாட்டுக் கோவில்களுக்குச் சென்று வருபவர்கள் அவரைப் பார்த்திருப்பார்கள். மண்டபத் தூணின் கீழ்ச் சதுரத்தில், விளக்குத்தூணின் அடியில், வாயில் நிலைக்கு அருகில் என்று ஏதாவது ஓர் ஓரத்தில் அவர் நின்றுகொண்டிருப்பார். கூப்பிய கைகள். பக்கவாட்டில் சாய்ந்த கொண்டை. இடுப்புக் கச்சையில் செருகிய குறுவாள். சில இடங்களில் அருகே ஒரு பெண்ணும் அதே பாவனையில் நிற்பாள். இரண்டுக்கு மேற்பட்ட கைகள் இல்லை. சங்கோ சக்கரமோ மானோ மழுவோ இல்லை. எனவே அவர் தெய்வம் அல்லர். யாரும் அவருக்குக் கற்பூரம் காட்டுவதில்லை. நெற்றியில் இட்டது போக மிஞ்சிய திருநீற்றை அவர் தலையில் தட்டிவிட்டுப் போவதோடு நம் மக்களுக்கும் அவருக்குமான உறவு முடிந்துவிடுகிறது.

அவர் கொடையாளி. தூணையோ, மண்டபத்தையோ, விளக்கையோ, நிலத்தையோ கொடுத்தவர். கொடுத்ததன் அடையாளமாகத் தம் உருவத்தை அங்கே நிறுத்திக்கொண்டவர், அல்லது பிறரால் நிறுத்தப்பட்டவர்.

இவரைப் பற்றி நம் சூழலில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. முதலாவது, கலை விமரிசனம் பயின்றவர்களின் குரல். இந்திய மரபில் தனிமனிதன் என்ற கருத்தாக்கமே இல்லை, ஆகவே உருவச்சிலையும் இல்லை, இருப்பவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள், முகம் என்பதைக் கல்லில் கண்டது ஐரோப்பாதான் என்று அது சொல்கிறது. இரண்டாம் குரல் அண்மை ஆண்டுகளில் உரத்து வருகிறது. இவர் எங்கள் முன்னோர், கொண்டையைப் பாருங்கள், மீசையைப் பாருங்கள், இது எங்கள் குலத்து முகம் என்று சொல்வது அது. சாதிச் சங்க மலர்களிலும் கைப்பேசிச் செய்திகளிலும் அது தடையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது.

முதற்குரல் இவருக்கு முகமே இல்லை என்கிறது. இரண்டாம் குரல் தன் முகத்தை இவருக்கு மாட்டிவிடுகிறது. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன: இவரிடம் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்க மறுக்கின்றன. இந்தப் பிழையால் நாம் இழந்துகொண்டிருப்பது சிறிதன்று என்பதால், இரண்டையும் மறுத்தே ஆகவேண்டும் என்று கருதுகிறோம்.

*

முதல் தரப்பினர் எடுத்துக்காட்டுக்கு ஐரோப்பாவுக்குப் போகிறார்கள். நாமும் உடன் சென்று பார்த்துவிடலாம். ஜெர்மனியில் ஸாலே ஆற்றங்கரையில் நௌம்புர்க் என்றொரு ஊர் இருக்கிறது. அதன் பேராலயத்தை 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதன் மேற்குப் பலிபீட மண்டபத்தில் 12 உருவங்கள் ஆள் உயரத்தில் செதுக்கப்பட்டன. 8 ஆண்கள், 4 பெண்கள். இவர்கள் புனிதர்களோ திருத்தூதர்களோ அல்லர். ஆலயத்துக்குக் கொடை அளித்த பிரபுக்களும் அந்தக் குடும்பங்களின் பெண்களும். தெய்வத்துக்கு மிக நெருங்கிய இடத்தில் சாதாரண மனிதர்கள் இப்படி நிற்பது அக்காலத்தில் அரிதினும் அரிது. ரெக்லிண்டிஸ் என்பவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஊட்டா என்பவள் குளிருக்கோ நாணத்துக்கோ மேலங்கியின் கழுத்துப்பட்டையைக் கன்னம்வரை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். ஒவ்வொரு முகமும் தனி முகம். பார்த்தீர்களா, இதுதான் தனிமனிதன் என்கிறார்கள் நம் விமரிசகர்கள்.

ஆனால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். இந்தக் கொடையாளிகளில் ஊட்டாவும் அவள் கணவன் எக்கேஹார்ட்டும் உள்ளிட்டோர் 11ஆம் நூற்றாண்டினர். சிற்பி உளியைக் கையில் எடுத்தபோது அவர்கள் மறைந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்களை அவன் கண்டதில்லை. அவர்களைக் கண்டவர்களைக்கூட அவன் கண்டிருக்க முடியாது. ஆகவே அந்தச் சிரிப்பு ரெக்லிண்டிஸின் சிரிப்பு அன்று, சிற்பியின் சிரிப்பு. முகச்சாயல் என்று நாம் வியப்பது முழுக்க அவனுடைய புனைவு. அந்தச் சிற்பியின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. நௌம்புர்க் ஆசான் என்று ஊர்ப்பெயரால்தான் அவனைக் குறிக்கிறார்கள்.

அப்படியானால் இந்த உருவங்கள் அங்கே ஏன் நிற்கின்றன? 1249இல் ஆயர் டீட்ரிஷ் விடுத்த ஒரு மடல் இதற்கு விடை தருகிறது. முற்காலத்தில் ஆலயத்துக்குக் கொடுத்தவர்களின் பெயர்களை அம்மடல் வரிசையாகச் சொல்கிறது. கட்டுமானத்தை முடிக்க இப்போது கொடுப்பவர்களும் அவர்களைப் போலவே வழிபாட்டில் நினைக்கப்படுவார்கள் என்று உறுதி கூறுகிறது. நம் வழக்கில் சொன்னால் அது திருப்பணி வசூலுக்கான வேண்டுகோள். மண்டபத்தில் நிற்கும் உருவங்களில் ஒன்று கையில் வைத்திருக்கும் கேடயத்தில், இவர் ஆலயத்துக்கு ஏழு ஊர்களைக் கொடுத்தவர் என்றே எழுதியிருக்கிறது. கோவில் சுவரில் உபயப் பலகையைப் படித்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தோன்றக் கூடாது. ஐரோப்பா கண்டெடுத்த தனிமனிதன் என்று நமக்குக் காட்டப்படுபவர், தம் காலத்தில் ஒரு கொடைப் பத்திரத்தின் கல்வடிவமாகத்தான் நின்றிருக்கிறார்.

இனி நம் பக்கம். இங்கே உருவச்சிலை இல்லை என்பது 1931ஆம் ஆண்டிலேயே மறுக்கப்பட்ட கருத்து. தென்னிந்திய உருவச்சிற்பங்களைப் பற்றி டி. ஜி. அரவமுதன் அவ்வாண்டில் ஆங்கிலத்தில் தனி நூலே வெளியிட்டார். மாமல்லபுரம் ஆதிவராகக் குகையில் தேவியரோடு இருக்கும் பல்லவ மன்னர் இருவருக்கும் மேலே அவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அப்பெயர்கள் எந்தச் சிம்மவிஷ்ணுவைச் சுட்டுகின்றன, எந்த மகேந்திரனைச் சுட்டுகின்றன என்பதில் அறிஞர் வழக்கு இன்னும் தீரவில்லை. உருவச்சிலை என்பதில் வழக்கே இல்லை.

திருநல்லம் எனும் கோனேரிராசபுரத்தில் கண்டராதித்த சோழர் இலிங்கத்தை வணங்கும் காட்சி சிற்பமாக உள்ளது. அவர் காலமான பின்னர், மகன் உத்தம சோழன் ஆட்சியில், மனைவி செம்பியன் மாதேவி கணவரின் பெயரால் எழுப்பிய கற்றளி அது. அங்குள்ள கல்வெட்டு இதைச் சொல்கிறது. கொடுத்தவர் மனைவி, கல்லில் நிற்பவர் கணவர். தஞ்சைப் பெரிய கோவிலில் முதலாம் இராசராசனுக்கும் உலகமாதேவிக்கும் செப்புத் திருமேனிகளை எழுந்தருளுவித்தவர், கோவிலின் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். மன்னர் உயிரோடு இருந்தபோதே ஓர் அதிகாரி செய்த செயல் இது. மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கரோ தம் முன்னோரை வரிசையாக நிறுத்தி, கடைசியில் தாமும் நின்றுகொண்டார். அவருடைய பெருத்த வயிற்றைச் சிற்பி மறைக்கவில்லை. அவரும் மறைக்கச் சொன்னதாகத் தெரியவில்லை.

இம்மூன்றையும் ஒரே அச்சுப் பொம்மைகள் என்று சொல்பவர் எதையும் பார்க்காதவராகத்தான் இருக்கவேண்டும். மறைந்த கணவருக்காக மனைவி வைத்தது, ஆளும் அரசனுக்காக அதிகாரி வைத்தது, தன் குலத்துக்காக அரசனே வைத்தது என்று மூன்று வெவ்வேறு செயல்கள் இவை. வேற்றுமை மூக்கிலும் முழியிலும் இல்லை. யார் வைத்தார், யாருக்காக வைத்தார், எங்கே வைத்தார் என்பதில் இருக்கிறது. கருவறையை நோக்கி நிற்கிறாரா, வருகிறவரை நோக்கி நிற்கிறாரா? தனியாகவா, குடும்பத்தோடா? மக்கள் மிதித்துச் செல்லும் தரைக்கல்லில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடக்கிறாரா, கண்மட்டத்தில் நிமிர்ந்து நிற்கிறாரா? இக்கேள்விகளைக் கேட்காமல் முகம் இல்லை என்று கைவிரிப்பது, கடிதத்தைப் பிரிக்காமலே அதில் செய்தி இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

*

இரண்டாம் குரலுக்கு வருவோம். அதற்கும் நௌம்புர்க்கிலேயே ஒரு பாடம் இருக்கிறது, கசப்பான பாடம்.

ஊட்டா என்ற அந்தப் பெண்ணைப் பற்றி வரலாற்றில் கிடைப்பது மிகச் சொற்பம். பால்லென்ஷ்டெட் குடும்பத்தில் பிறந்தவள், எக்கேஹார்ட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள், பிள்ளை இல்லாதவள். அவ்வளவுதான். அவளுடைய சிலையை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வால்டர் ஹேகே என்ற ஒளிப்படக் கலைஞர் எடுத்த படங்கள் நாடெங்கும் பரவின. பின்னர் நாஜிகள் வந்தார்கள். இதோ தூய ஜெர்மானியப் பெண்ணின் முகம் என்றார்கள். யூதர்களை இழிவுபடுத்த 1940இல் எடுத்த பிரசாரப் படத்தில் அவளைத் தங்கள் இனத்தின் மேன்மைக்குச் சான்றாகக் காட்டினார்கள். அவளுக்கு அருகே சிரித்துக்கொண்டிருக்கும் ரெக்லிண்டிஸ் போலந்து மன்னன் மகள் என்பதால், அவளது சிரிப்பில் தாழ்வையும் ஊட்டாவின் இறுக்கத்தில் உயர்வையும் கண்டவர்களும் இருந்தார்கள். ஒரே பட்டறையில், ஒரே கல்லில், இருவரையும் பார்த்தறியாத கைகள் செதுக்கிய இரண்டு கற்பனை முகங்களுக்கு இடையே இனப்போர் நடத்தப்பட்டது.

இதை ஜெர்மானியரின் பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது. பெயரில்லாத ஒரு கல்முகத்தில் தன் சாதியின் முகத்தைக் கண்டு புல்லரிப்பவர் செய்வதும் இதே வேலையின் தொடக்கம்தான். அளவு வேறு, வழி ஒன்று. பக்கக் கொண்டை நாயக்கர் காலத்தில் பல குலத்தாரிடமும் இருந்த வழக்கம். குறுவாள் தகுதியின் அடையாளம். மீசைக்குச் சாதி கிடையாது. இவற்றை வைத்துக் குலம் கணிப்பவர், நௌம்புர்க் சிற்பியின் கற்பனையை வைத்து இனம் கணித்தவருக்கு அண்ணனோ தம்பியோ ஆவார்.

அப்படியானால் கொங்குக் கொடையாளிகளுக்குக் குலமே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு; கல்வெட்டு சொல்லும் இடத்தில் உண்டு. கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில், அந்தி விளக்கு எரிக்கச் சில அச்சுகளைக் கொடுக்கும் வெள்ளாளர் தம் ஊரையும் கூட்டப் பெயரையும் சொல்லிக்கொண்டே கொடுக்கிறார். அதை மறைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதே கோவில்களின் அதே சுவர்களில் வணிகரும் பிராமணரும் வேட்டுவரும் கைக்கோளரும் தேவரடியாரும் கொடுத்திருக்கிறார்கள். பெரிய கோவில்கள் அரசன் ஒருவனின் கருவூலத்தால் மட்டும் நிற்கவில்லை. ஒருவர் தூண், ஒருவர் நிலைக்கால், ஒருவர் அந்தி விளக்குக்கு முதல் என்று பலர் கொடுத்த சிறு கொடைகள் சேர்ந்தே கொங்கில் கோவில் ஆகியிருக்கின்றன. கோவைகிழாரும் புலவர் செ. இராசுவும் ஊர் ஊராக அலைந்து திரட்டிய சான்றுகள் நமக்குக் காட்டும் சித்திரம் இது. 2023இல் மறைந்த இராசு, கல்வெட்டில் உள்ளதைப் படித்துச் சொல்வதற்கே தம் வாழ்நாளைக் கொடுத்தார். அவர் தந்த தரவுகளை வைத்துக்கொண்டே கல்வெட்டில் இல்லாததைப் படிப்பவர்கள் பெருகிவிட்டார்கள் என்பது வேதனை.

அந்தச் சித்திரத்தில் இன்னொரு கொடையாளியும் இருக்கிறார். பவானி சங்கமேசுவரர் கோவிலில் வேதநாயகி அம்மனுக்குத் தந்தக் கட்டில் ஒன்று இருக்கிறது. கோவை மாவட்ட ஆட்சியராக இருந்த வில்லியம் காரோ அளித்தது. 1804 என்ற ஆண்டும் அவர் கையொப்பமும் உண்டு. இடிந்து விழவிருந்த மாளிகையிலிருந்து சிறுமி வடிவில் வந்த அம்மன் அவரை வெளியே அழைத்துக் காப்பாற்றியதாக ஊர் சொல்லும். வேற்று மதத்தவர் ஆதலால் அவர் உள்ளே வரவில்லை. அம்மனைக் காண அவருக்காகச் சுவரில் இட்டவை என்று மூன்று துளைகளை இன்றும் காட்டுகிறார்கள். ஒருவர் தம் உருவத்தை நிறுத்தும் இடத்தில் இவருக்குக் கிடைத்தவை மூன்று துளைகள். ஆனால் அவை செய்யும் வேலை சிலை செய்யும் வேலைதான். இன்னார் இங்கே நின்றார், இந்தத் திசையில் பார்த்தார், இதைக் கொடுத்தார் என்று அவை சொல்கின்றன. அதோடு, இந்த எல்லைக்கு உள்ளே அவர் வர முடியவில்லை என்றும் சொல்கின்றன. கொடையாளி உருவத்தின் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது, முகம் மட்டும் இல்லை. சாதி கேட்போர் காரோவை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பார்கள்?

இன்னும் ஒன்று. கொடுத்தவரின் குலத்தைத் தேடுகிறவர்கள் செதுக்கியவரின் குலத்தைத் தேடுவதில்லை. கொங்கின் கல்வெட்டுகளில் கம்மாளருக்குச் சில உரிமைகளை வழங்கும் அரசாணை ஒன்று கரூர் முதலிய இடங்களில் கிடைத்திருக்கிறது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது காலில் செருப்பு அணியலாம், தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பவை அந்த உரிமைகள். அரசன் ஆணையிட்டுத் தரவேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் அவை இல்லை என்று பொருள். இறைவனுக்கு விமானம் எடுத்த சமூகம் தன் வீட்டுக்குச் சாந்து பூச ஆணை வாங்கவேண்டியிருந்தது. கைகூப்பி நிற்கும் ஒவ்வொரு கொடையாளிக்கும் பின்னால், எங்கும் நிற்காத ஒரு மனிதரும் இருக்கிறார் என்பதை முன்னோர் பெருமை பேசும் மலர்கள் ஒருநாளும் அச்சிடப்போவதில்லை.

*

இலக்கிய வாசகர்களுக்கு இந்த வழக்கு புதியதாக இருக்கக் கூடாது. கல்லில் இருப்பவரைப் போலவே சொல்லிலும் கொடையாளி நிற்கிறார். கம்பர் தம்மை ஆதரித்த சடையப்ப வள்ளலைக் காப்பியத்தின் இடையிடையே நினைவுகூர்ந்தார் என்பது நாம் பள்ளியில் கேட்ட செய்தி. கொங்கு நாட்டிலிருந்தே சான்று வேண்டுமானால் அடியார்க்குநல்லார் இருக்கிறார். சிலப்பதிகாரத்துக்கு அவர் உரை எழுத உதவியவர் பொப்பண்ண காங்கெயர்கோன் என்ற கொங்குத் தலைவர். உரைப்பாயிரச் செய்யுளில் உரையாசிரியர் அவரை நன்றியோடு குறிப்பிடுகிறார். 1892இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அந்த உரையோடு பதிப்பித்தபோது, நூலோடு சேர்ந்து அந்தப் பெயரும் கரையேறியது.

பொப்பண்ண காங்கெயரின் முகம் நமக்குத் தெரியாது. தெரியாததால் நமக்கு ஒரு குறையும் இல்லை. அவர் நிற்கும் இடம் தெரிகிறது: நூலுக்கு வெளியே, வாயிலில், பாயிரத்தில். அவர் சிலப்பதிகாரத்துக்குள் நுழைந்து கோவலனுக்கு அருகே உட்கார்ந்துகொள்ளவில்லை. சோறிட்டவனைச் சொல்லாமல் விடுவது நன்றிகேடு. அவனைத் தலைவனாக்கிவிடுவது நூலுக்குக் கேடு. இந்த அளவை நம் புலவர்கள் அறிந்திருந்தார்கள். தூணின் கீழ்ச் சதுரத்தில் கொடையாளியை நிறுத்திய சிற்பியும் அறிந்திருந்தான். பாயிரமும் கீழ்ச் சதுரமும் ஒரே பண்பாட்டு நாணத்தின் இரண்டு வடிவங்கள் என்று நாம் வாசிக்கிறோம்.

இதைச் சொன்னதும், பழையவர்கள் எல்லாம் அடக்கத்தின் திருவுருவங்களா என்று மடக்குவார்கள். அல்லர். புதுமண்டபத்தில் குடையின் கீழ் நிற்கும் நாயக்கரிடம் அடக்கத்தைத் தேடுவது வீண்வேலை. கோவிலுக்குப் போன செல்வத்தில் குடிகள் செலுத்திய வரியும் உண்டு, போரில் கிடைத்த கொள்ளையும் உண்டு. கொடை என்பது புகழுக்கும் புண்ணியத்துக்கும் அதிகாரத்துக்கும் ஒருசேரச் செய்யப்பட்ட முதலீடு என்பதை மறுக்க நாம் வரவில்லை. ஆனாலும் அந்த நாயக்கர்கூடக் கையைக் கூப்பியிருக்கிறார். தம் பெருமையை ஊருக்குக் காட்டும்போதும், தம்மைவிடப் பெரிதான ஒன்றின் முன் நிற்பவராகவே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயத்தைத்தான் நாம் மரபு என்கிறோம்.

இன்று அந்தக் கட்டாயம் தளர்ந்துவிட்டது. குழல்விளக்கின் கண்ணாடியில் உபயக்காரர் பெயரைச் சிவப்பு எழுத்தில் எழுதி, வெளிச்சத்தில் பாதியை அந்தப் பெயரே தின்றுவிடும் காட்சியைப் பற்றித் தமிழர்கள் தலைமுறையாகச் சிரித்திருக்கிறோம். இப்போது குழல்விளக்கு போய்க் கருங்கல் பலகை வந்திருக்கிறது. மெருகேற்றிய பலகையில் தங்க நிற எழுத்தில் பெயர், தொழிற்சாலை, ஊர், தொகை. சில இடங்களில் ஒளிப்படமும் உண்டு. பழைய கொடையாளி தெய்வத்தைப் பார்த்து நின்றார். புதிய பலகை நம்மைப் பார்த்து நிற்கிறது. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் இது சிறிய வித்தியாசம் அன்று.

*

பலகை வைப்பதோடு நின்றிருந்தால்கூட இதை எழுதியிருக்க மாட்டோம். பழையவரை அழித்துவிட்டுப் புதியவர் நிற்கிறார் என்பதுதான் எழுதவைத்தது.

குடமுழுக்குக்கு நாள் குறித்ததும் திருப்பணி தொடங்குகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் ஏறிய தூண்களைச் சுத்தம் செய்ய எளிய வழியாக மணல் வீச்சைக் கண்டுபிடித்தார்கள். காற்றழுத்த எந்திரத்தால் மணலை வேகமாகக் கல்லின்மேல் அடிக்கும் முறை அது. பிசுக்கு போகிறது, கூடவே கல்லின் தோலும் போகிறது. தெய்வ உருவங்கள் ஆழமாகக் குடைந்து செதுக்கப்பட்டவை, ஓரளவு தாங்கிக்கொள்ளும். கொடையாளி உருவமோ பெரும்பாலும் மேலோட்டமான புடைப்பு. அதன் அருகில் கீறிய ஒரு வரிக் கல்வெட்டு அதைவிட மேலோட்டம். முதலில் போவது அந்த வரிதான். பிறகு கண்ணும் விரல்களும் போகும். எஞ்சுவது மழுங்கிய ஒரு நிழல். அதன்மேல் பளபளக்கும் வண்ணத்தைப் பூசிவிட்டால் வேலை நிறைவு.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு கோவிலுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தோம். தூண் ஒன்றில் கைகூப்பிய உருவத்தின் பக்கத்தில் எழுத்துகள் இருந்த தடம் தெரிந்தது. மைப்படி எடுக்கத் தாளும் தூரிகையும் கொண்டுபோயிருந்த மாணவர்கள் அரை நாள் முயன்றார்கள். தாளில் விழுந்தது கல்லின் சொரசொரப்பு மட்டுமே. மணல் வீச்சு முடிந்து நெடுநாள் ஆகியிருக்கவில்லை. எதிர்ச் சுவரில் கருங்கல் பலகை இருந்தது. அந்தத் திருப்பணிக்கு உபயம் செய்தவர்களின் நீண்ட பட்டியல் ஓர் எழுத்தும் சிதையாமல் படிக்கக் கிடைத்தது. தூணில் நிற்பவர் யார் என்று அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் மாணவி ஒருத்தி கேட்டாள். அவர் தயங்காமல் தம் சாதியின் பெயரைச் சொன்னார். கல்வெட்டு அழிந்த இடத்தில் அந்த விடைக்கு மறுப்புச் சொல்ல நம்மிடம் எதுவும் இருக்கவில்லை. இரண்டு அழிவுகளும் ஒன்றுக்கொன்று எப்படித் துணைபோகின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை: மணல் பெயரை எடுக்கிறது, சாதி அந்த வெற்றிடத்தில் குடியேறுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழகக் கோவில்களில் நடக்கும் திருப்பணிகளைப் பற்றி யுனெஸ்கோ குழுவினர் அளித்த ஆய்வறிக்கை 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. அது பாராட்டுப் பத்திரமாக இருக்கவில்லை. 2021 ஜூன் மாதம் அதே நீதிமன்றம், தானே முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில், தொன்மைச் சின்னங்களையும் கோவில்களையும் காக்க 75 ஆணைகளைப் பிறப்பித்தது. ஆணைகள் தாளில் இருக்கின்றன. ஊரில் இருப்பது அவசரம். நல்ல நாள் தவறிவிடக் கூடாது என்ற அவசரத்துக்கு முன்னால், 400 ஆண்டுகளாக நிற்பவர் இன்னும் சில மாதங்கள் பொறுத்திருக்க முடியாதா என்று கேட்க ஆள் இல்லை.

*

பேரூர்க் கனகசபைக்கு வருகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் அழகாத்திரி நாயக்கர் எடுப்பித்த மண்டபம் அது. வீரபத்திரரையும் யானைத்தோல் உரித்த பெருமானையும் விதானத்துக் கற்சங்கிலியையும் கண்டு வியக்கிறார்கள். வியக்கவேண்டியதுதான். நாம் கேட்பது, ஒருமுறை குனிந்தும் பாருங்கள் என்பதையே. பேரூரில் மட்டும் அன்று. அவிநாசியில், திருச்செங்கோட்டில், தாரமங்கலத்தில், உங்கள் ஊர்க் கோவிலில்.

குனிந்து பார்ப்பதற்கும் ஒரு முறை வேண்டும். கொங்கு நாட்டில் தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் இல்லாத கல்லூரிகள் குறைவு. ஒவ்வொரு துறையும் தன்னைச் சுற்றியுள்ள பத்துக் கோவில்களை எடுத்துக்கொள்ளட்டும். கொடையாளி உருவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் போதும். எந்த மண்டபம், எத்தனையாவது தூண், எந்தத் திசை நோக்கி, தரையிலிருந்து எவ்வளவு உயரம், ஆணா பெண்ணா, தனியாகவா குடும்பமாகவா, கையில் என்ன, இடையில் என்ன, அருகே எழுத்து உண்டா, உண்டென்றால் அதன் படி, இல்லையென்றால் இல்லை என்ற குறிப்பு. குலம் என்ற இடத்தில், கல் சொன்னால் மட்டும் எழுதவேண்டும்; சொல்லாவிட்டால் அந்தக் கட்டம் வெற்றாகவே இருக்கட்டும். அடுத்த குடமுழுக்குக்கு முன் இதைச் செய்துவிட்டால், மணல் எந்திரம் வரும் நாளில் நம் கையில் ஒரு சான்றாவது இருக்கும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. சாதிச் சங்கங்களும் இதில் சேரலாம். அவர்களிடம் பணமும் ஆளும் உண்டு, முன்னோர்மேல் அன்பும் உண்டு. அந்த அன்பு மெய்யானதென்றால், தம் முன்னோர் என்று அவர்கள் நம்புகிறவர் அருகே கிடக்கும் ஒரு வரியை மணலிலிருந்து காப்பாற்றுவதே முதற்கடன். வரியைப் படித்த பிறகு அங்கே வேறொருவர் பெயர் இருந்தாலும் இருக்கலாம். ஒரு வணிகராக இருக்கலாம், ஒரு தேவரடியாளின் உறவினராக இருக்கலாம், எதிர்ச் சாதிக்காரராகக்கூட இருக்கலாம். அப்போதும் அவர் அந்தத் தூணைக் கொடுத்தவர்தான். நாம் இன்று நிழலுக்கு ஒதுங்குவது அந்தத் தூணின் கீழ்தான்.